பயனற்ற கல்வி எது?

நம் மதரஸாக்களிலே சின்னஞ்சிறு பிள்ளைகள் மனனம் செய்யும் துஆக்களுள் ஒன்று, பயன் தராத கல்வியிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடும் துஆவாகும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக முஸ்லிம் ஷரீபிலே பதிவாகியுள்ள துஆ அது. ஓதுவது எளிது. ஆனால், பயன் தராத கல்வி எதுவென்று ஒருவர் எழுந்து கேட்டால், விடை சொல்வது அத்துணை எளிதன்று. பயனை அளக்கும் படி யாருடைய கையில் இருக்கிறது? இன்று பயனற்றதாகத் தோன்றுவது நாளையும் அப்படியே இருக்குமா? ஒருவருக்குப் பயன்படுவது மற்றொருவருக்குச் சுமையாக முடிந்தால் அதற்கு என்ன பெயர்?

கம்பம் பள்ளத்தாக்கிலே வாழ்கின்ற எங்களுக்கு இவை வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல. தேனி மாவட்டம் தேவாரத்துக்கு அருகே, பொட்டிப்புரத்தில், மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வுக்கூடம் அமைக்கும் திட்டம் வந்த நாள் முதல், கடைவீதியிலும் வயல் வரப்பிலும் பள்ளிவாசல் திண்ணையிலும் இக்கேள்விகள் ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியாத துகளைத் தேடி மலையைக் குடைவதால் யாருக்கு என்ன இலாபம் என்பார் ஒரு சாரார். விஞ்ஞானம் அறியாத பாமரர்க்கு இதில் பேச என்ன இருக்கிறது என்பார் மறுசாரார். இவ்விரு சாராரும் எதிரெதிரே நிற்பதாகவே நாம் எண்ணுகிறோம். சற்றே ஆழ்ந்து நோக்கினால், இருவரையும் பற்றியிருப்பது ஒரே நோய் என்பது புலப்படும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

துஆவின் பொருள்

முதலில் அந்தத் துஆவையே எடுத்துக்கொள்வோம். அதிலே பாதுகாவல் தேடப்படுவது ஒன்றிலிருந்து மட்டுமன்று, நான்கிலிருந்து. பயன் தராத கல்வி, அச்சமற்ற உள்ளம், நிறைவு கொள்ளாத மனம், ஏற்கப்படாத வேண்டுதல் என்பவை அந்நான்கு. இவற்றுள் பின்னைய மூன்றும் மனிதனின் நிலையைக் குறிப்பன. உள்ளம் என்பது தன்னளவில் தீயதன்று. அது இறையச்சம் இழக்கும்போதே தீயதாகிறது. மனமும் அவ்வாறே. வேண்டுதலும் அவ்வாறே. எனில், அவற்றோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்பட்ட கல்வி மட்டும் எவ்வாறு வேறுபடும்? இன்ன பாடம் பயனுள்ளது, இன்ன பாடம் பயனற்றது என்று பாடங்களைத் தரம் பிரிக்க வந்த துஆவாக இதனைக் கொள்வதைவிட, கற்றவனின் நிலையைச் சோதிக்க வந்த துஆவாகக் கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. ஒருவனை உண்மையின் முன் பணியச் செய்யாத, மக்களின்பால் கனிவு கொள்ளச் செய்யாத கல்வியே பயனற்ற கல்வி. அது ஹதீஸ் கலையாகவும் இருக்கலாம். அணு விஞ்ஞானமாகவும் இருக்கலாம்.

இதற்குத் துணை செய்யும் மற்றொரு நபிமொழியும் முஸ்லிம் ஷரீபில் உண்டு. பெருமை என்பது யாது என்ற வினாவுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் தந்த விளக்கம் அது. அழகிய ஆடையையும் நல்ல காலணியையும் விரும்புவது பெருமையாகாது எனத் தெளிவுபடுத்திய பெருமானார், உண்மையை மறுத்துத் தள்ளுவதும் மக்களை இழிவாக எண்ணுவதுமே பெருமை என்று வரையறுத்தார்கள். கவனியுங்கள், உண்மையை மறுப்பது ஒன்று. மக்களை இழிவாக எண்ணுவது மற்றொன்று. இரண்டும் ஒரே சொல்லின் இரு பாதிகள். ஆராய்ச்சியைப் பழிப்போரில் பலர் முதற்பாதியிலும், ஆராய்ச்சியின் பேரால் மக்களைப் பழிப்போரில் பலர் பிற்பாதியிலும் சிக்குண்டு கிடக்கின்றனர். இதனை எங்கள் பள்ளத்தாக்கின் வரலாறே சான்று காட்டி விளக்கும்.

இரண்டே ஆண்டுகள்

கூடலூரைக் கடந்து குமுளி மலைப்பாதை ஏறத் தொடங்கும் இடத்திலே இருப்பது லோயர் கேம்ப். மலையுச்சியிலிருந்து இறங்கும் பெருங்குழாய்கள் வழியே பெரியாற்று நீர் வந்து விழ, அங்கே மின்சாரம் பிறக்கிறது. அணையைக் கட்டிய பொறியாளர் ஜான் பென்னிகுயிக்கின் மணிமண்டபமும் அங்கேதான் 2013-ஆம் ஆண்டு ஜனவரி 15 அன்று திறக்கப்பட்டது. அவர் பிறந்ததும் 1841-இல் ஒரு ஜனவரி 15 அன்றே. அந்நாளில் இப்பகுதி மக்கள் பொங்கல் வைத்து அவரை நினைவுகூர்கிறார்கள். நன்றி மறவாமை நல்ல பண்பு. ஆனால் அணையின் வரலாற்றில் நாம் மறந்துவிட்ட பக்கம் ஒன்றுண்டு.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்திலே இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மேற்கே ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பி வைகையில் சேர்க்கவேண்டும் என்ற பழைய எண்ணம் அந்தப் பஞ்சத்துக்குப் பின்னரே வலுப்பெற்றது. 1886-இல் திருவிதாங்கூர் மன்னரோடு ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887-இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து எழுப்பப்பட்ட அந்தச் சுவரின் உயரம் 176 அடி. நீளம் 1,200 அடி. மலையின் குறுக்கே ஒரு மைலுக்கும் மேற்பட்ட நீளத்துக்குச் சுரங்கம் குடைந்து நீரை இப்பக்கம் கொணர்ந்தார்கள்.

இத்தனையும் செய்தவர்கள் காட்டு விலங்குகளுக்கும் வெள்ளத்துக்கும் அஞ்சியதைவிடக் காய்ச்சலுக்கே அதிகம் அஞ்சினர். காய்ச்சல் மிகும் மாதங்களில் வேலையை விட்டு ஆட்கள் மலையிறங்க நேர்ந்தது. காலராவும் வந்தது. நோயால் மாண்டோர் 483 பேர் என ஒரு கணக்கு உண்டு. அணைக்கு அருகிலேயே அவர்களுள் பலர் அடக்கப்பட்டனர். மலேரியா என்ற அந்தக் காய்ச்சலின் பெயருக்கே கெட்ட காற்று என்பதுதான் பொருள். சதுப்பு நிலத்திலிருந்து எழும் நச்சுக் காற்றே நோய்க்குக் காரணம் என நெடுங்காலம் நம்பப்பட்டது. சாராயம் அருந்தினால் காய்ச்சல் அண்டாது என்ற நம்பிக்கையும் அந்த முகாம்களில் நிலவியது. கணிதத்தில் தேர்ந்த பொறியாளர்கள், நீரின் அழுத்தத்தை அங்குலக் கணக்கில் அறிந்தவர்கள், இரவிலே தம் காதருகே ரீங்கரித்த கொசுவைப் பற்றி அறியாதிருந்தார்கள்.

அணை திறக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் கழிந்தன. 1897-ஆம் ஆண்டு ஆகஸ்டு 20 அன்று, செகந்திராபாத்திலே ரொனால்டு ராஸ் என்ற இராணுவ மருத்துவர், அனோபிலஸ் வகைக் கொசு ஒன்றின் வயிற்றுச் சுவரிலே மலேரியாக் கிருமியின் வளர்ச்சியைக் கண்டார். நோயாளியின் இரத்தத்திலே அக்கிருமி இருப்பதை 1880-இலேயே அல்ஜீரியாவில் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டறிந்திருந்தார். அது ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குச் செல்லும் வழிதான் தெரியாதிருந்தது. அடுத்த ஆண்டு கல்கத்தாவிலே பறவைகளைக் கொண்டு செய்த சோதனையில், கொசுக் கடியே நோயைப் பரப்புகிறது என்பதை ராஸ் உறுதி செய்தார். 1902-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பெரியாற்றுக் காட்டிலே கூலியாட்கள் குளிர்க் காய்ச்சலால் நடுங்கிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், ஒரு மருத்துவர் கொசுவைப் பிடித்து வயிற்றைக் கீறி நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று யாரேனும் வந்து சொல்லியிருந்தால், கேட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள்? 'மனிதர்கள் செத்துக்கொண்டிருக்கும்போது கொசுவுக்கா வைத்தியம்?' என்று நகைத்திருப்பார்கள். அந்த நகைப்பிலே நியாயம் இருப்பதுபோலவும் தோன்றியிருக்கும். ஆயினும் அந்த மனிதர்களின் பின்வந்த தலைமுறைகளைக் காத்தது அந்தக் கொசுவின் வயிற்றில் கிடைத்த செய்திதான். திருமறையின் இரண்டாம் அத்தியாயத்திலே இறைவன் கொசுவை உவமையாக எடுத்தாண்டிருப்பதை ஓதுகின்ற நாம், அற்பமெனக் கருதும் படைப்பிலும் அறியத்தக்க உண்மை இருக்கும் என்பதை அறியாதிருத்தல் தகுமோ?

பஞ்சம் ஈன்ற மற்றொரு முயற்சி

மேற்கூறிய அதே பஞ்சம் மற்றொரு முயற்சிக்கும் வித்திட்டது. மழை ஏன் பொய்க்கிறது என்பதற்கு விடை சூரியனிலே இருக்கக்கூடும் என அக்கால வானியலார் சிலர் எண்ணினர். சூரியனிலே தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் பருவமழைக்கும் தொடர்பு இருக்குமாயின், புள்ளிகளை எண்ணிப் பஞ்சத்தை முன்கூட்டியே அறியலாம் அன்றோ! இவ்வெண்ணமும் சேர்ந்தே, எங்கள் பள்ளத்தாக்கின் வடகிழக்கே பழனி மலைத்தொடரில் உள்ள கொடைக்கானலில் 1899-இல் சூரிய ஆய்வுக்கூடம் அமையத் துணைசெய்தது. 1792-இல் தோன்றிய சென்னை வானாய்வு நிலையத்தின் பணியே அங்கே குடியேறியது.

மழையைச் சொல்லும் சோதிடத்தைச் சூரியன் அவர்களுக்குத் தரவில்லை. ஆனால், 1909-இல் ஜான் எவர்ஷெட் அங்கேதான் கரும்புள்ளிகளில் வாயுக்கள் நடுவிலிருந்து வெளிநோக்கி ஓடுவதைக் கண்டார். இன்றும் அது உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது. 1904 முதல் அங்கே எடுக்கப்பட்டு வரும் சூரியப் படங்களின் வரிசை, நூறாண்டுக்கும் மேற்பட்ட காலத்துக்குச் சூரியனின் போக்கைக் காட்டும் அரிய கருவூலம். செயற்கைக் கோள்களையும் மின் கம்பிகளையும் தாக்கக்கூடிய சூரியக் கொந்தளிப்புகளைப் புரிந்துகொள்ள, இத்தகைய நெடிய பதிவுகளே துணையாகின்றன. 2023 செப்டம்பரில் இந்தியா ஆதித்யா எல்-1 விண்கலத்தை அனுப்பியதும் இதே சூரியனை அறிவதற்கேயாகும்.

ஒரே பஞ்சம், இரண்டு முயற்சிகள். ஒன்று, கேட்டதைக் கேட்ட வடிவிலேயே தந்தது, தண்ணீர் வந்தது. மற்றொன்று, கேட்டதைத் தராமல் கேட்காததைத் தந்தது. முன்னதை மட்டுமே பயனென்று கொண்டால், பின்னது வீணென்றே முடிவாகும். ஆனால் அறிவு என்பது நாம் விதைத்த வித்தே விளையும் வயலன்று. முயற்சி அடியானுடையது, விளைவு ஆண்டவனுடையது. இதனை வணிகத்திலும் விவசாயத்திலும் ஒப்புக்கொள்ளும் நாம், கல்வியிலே மட்டும் ஒப்ப மறுப்பது ஏன்?

உண்மையை மறுக்கும் பெருமை

இனி நியூட்ரினோவுக்கு வருவோம். 1930-இல் பவுலி என்ற அறிஞர் ஏட்டளவில் ஊகித்து, 1956-இல் சோதனையால் மெய்ப்பிக்கப்பட்ட துகள் அது. மின்னேற்றம் அற்றது. சூரியனின் உள்ளே ஆற்றல் பிறக்கும்போதே பிறந்து, பூமியை ஊடுருவிச் சென்றுகொண்டே இருப்பது. நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் வினாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து போகின்றன. ஆதம் (அலை) அவர்களின் மக்கள் தோன்றிய நாள் முதல் இவ்வாறே. எனவே, ஆய்வுக்கூடம் வந்தால் நியூட்ரினோ வெளிப்பட்டு மக்களை அழித்துவிடும் என்று பரப்பப்பட்ட செய்தியிலே உண்மை இல்லை. அத்துகளைப் பிடிக்க முடியாமற்போவதுதான் விஞ்ஞானிகளின் தொல்லையே அன்றி, அது நம்மைப் பிடிக்கும் என்பது அன்று. விண்ணிலிருந்து வரும் ஏனைய கதிர்களைத் தடுத்து இதனை மட்டும் விட்டுவைக்கப் பெரும்பாறை ஒன்று கூரையாக வேண்டும். அதனாலேயே மலையைத் தேடினார்கள்.

இத்தேட்டம் நம் நாட்டுக்குப் புதிதுமன்று. காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று கோலார் தங்கவயலின் ஆழ்சுரங்கம், ஆண்டு 1965. தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கம் வெட்டிய பூமி அது. மலையை அறிவின் கருவியாக்குவதும் நம் சமுதாயத்துக்குப் புதிதன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், அல்பீரூனி (973–1048) அவர்கள், இன்றைய பாகிஸ்தானில் உள்ள நந்தனா என்னும் இடத்திலே ஒரு மலைமீதேறி, அடிவானம் தாழ்ந்து தோன்றும் கோணத்தை அளந்து, பூமியின் அளவைக் கணித்தார்கள். அதனால் அன்று யாருடைய அடுப்பும் எரியவில்லை. ஆயினும் அவர்களை வீண்வேலை செய்தவர் என்று நாம் சொல்வதில்லை. மேடைதோறும் பெருமிதத்தோடு புகழ்கிறோம். முன்னோர் செய்தால் புகழுவதும், இன்று பிறர் செய்தால் இகழுவதும் எவ்வகை நீதி?

ஆய்ந்தறியாத செய்தியைப் பரப்புவதைத் திருமறையின் நாற்பத்தொன்பதாம் அத்தியாயம் கண்டிக்கிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பதே அங்கே சொல்லப்படும் காரணம். பேசப்படும் பொருள் விஞ்ஞானம் என்பதனால் இக்கட்டளை தளர்ந்துவிடாது.

விதியின் பேரால் ஆராய்ச்சியை மறுப்பாரும் நம்மிடையே உண்டு. நோயும் சாவும் அவன் நாட்டம். ஆராய்வதால் ஆவதென்ன என்பர். ஹிஜ்ரி 18-இல் (கி.பி. 639) ஷாம் நாட்டிலே கொள்ளைநோய் பரவியபோது, ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் தோழர்களோடு கலந்தாலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவிதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என ஹஜ்ரத் அபூ உபைதா (ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து மற்றொரு விதிக்குச் செல்வதாக விடையிறுத்தார்கள். இரு சரிவுகள் உள்ள ஒரு பள்ளத்தாக்கிலே, பசும்புல் உள்ள சரிவில் ஒட்டகத்தை மேய்ப்பதும் வறண்ட சரிவில் மேய்ப்பதும் இரண்டுமே விதிதான் என்று விளக்கவும் செய்தார்கள். பள்ளத்தாக்கிலே வாழும் எங்களுக்கு இந்த உவமையை யாரும் உரை கூறி விளக்கவேண்டியதில்லை! பசுமையான சரிவு எதுவெனக் கண்டறிய அறிவு வேண்டும். அவ்வறிவைத் தேடுவது விதியை மறுப்பதாகாது.

கிரானடாவின் மருத்துவர் இப்னுல் கதீப் (1313–1374) ஒருபடி மேலே சென்றார். கொள்ளைநோய் தொற்றுவதில்லை என்று மார்க்கத்தின் பேரால் வாதிட்டோரிடம், அனுபவமும் ஆய்வும் கண்ணாரக் காண்பதும் தொற்றை மெய்ப்பிக்கின்றன என எடுத்துரைத்தார். புலன்கள் ஐயமறக் காட்டும் உண்மையோடு ஓர் அறிவிப்பு முரண்படுவதாகத் தோன்றினால், அவ்வறிவிப்பின் பொருளை மீண்டும் ஆராயவேண்டும் என்பது அவர் நிலை. உண்மையை மறுப்பது பெருமை என்ற நபிமொழியின் விரிவுரையாகவே இதனைக் கொள்ளலாம்.

மக்களை இகழும் பெருமை

இதுவரை சொன்னதைக் கேட்டு ஆராய்ச்சியாளர் தரப்பு மகிழ்ந்திருக்கக்கூடும். அவர்கள் பக்கம் இனித் திரும்புவோம்.

ராஸின் கொசு எவர் குருதியை அருந்தியது என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? செகந்திராபாத்திலே மலேரியாவால் வருந்திய ஹுசைன் கான் என்ற நோயாளியின் குருதியை. கொசு ஒன்றுக்கு ஓர் அணா வீதம் கூலி கொடுத்து அவரைக் கடிக்கவிட்டார்கள். கல்கத்தாவிலே ராஸுக்கு உதவியாளராய் நின்று உழைத்தவர் முஹம்மது பக்ஸ். நோபல் பரிசுப் பட்டியலில் இவர்கள் பெயரில்லை, இருக்கவும் முடியாது. ஆனால், அந்த அறிவின் அத்திவாரத்தில் இவர்களின் உடலும் உழைப்பும் இருக்கின்றன. தன் உடலில் என்ன தேடப்படுகிறது என்பதை ஹுசைன் கானுக்கு யாரேனும் அமர்ந்து விளக்கினார்களா? ஓர் அணா, கடித்ததற்கு விலையாகலாம். அவர் கேட்டிருக்கக்கூடிய கேள்விக்கு விடையாகாது.

பொட்டிப்புரத்து உழவர்கள் கேட்பதும் இத்தகைய கேள்விகளையே. துகளைப் பற்றிய வதந்தி ஒருபுறம் இருக்கட்டும். ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறையை வெடிவைத்துக் குடைந்தால் எங்கள் கிணற்று ஊற்று என்னாகும்? வெட்டிய பாறையை எங்கே கொட்டுவீர்கள்? வெடியதிர்ச்சி அணைகளைப் பாதிக்காதா? ஆட்டுமாடு மேய்க்கும் நிலம் எங்களுக்கு எஞ்சுமா? கேரள எல்லையில், அண்மையிலேயே இருக்கும் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவின் காட்டுயிர்கள் என்னாகும்? இவை விஞ்ஞானம் அறியாதார் கேள்விகள் அல்ல. விஞ்ஞானம் விடை சொல்லவேண்டிய கேள்விகள். சிலவற்றுக்கு விடை இருந்தது. பலவற்றுக்கு விடை கூறப்பட்ட விதமே மக்களை விலக்கிவைத்தது.

நடந்தவை வருமாறு. முதலில் நீலகிரியிலே சிங்காராவில் இடம் பார்த்தார்கள். முதுமலை யானைக் காட்டை முன்னிட்டு 2009-இல் அது மறுக்கப்பட்டது. பின்னர் பொட்டிப்புரம் தேர்வாயிற்று. 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு மார்ச்சில், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவின்றிப் பணி தொடங்கலாகாது என உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடுத்தது. 2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018-இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. 2022-இல் தமிழக அரசு உச்சநீதிமன்றத்தில் தன் எதிர்ப்பைப் பதிவு செய்தது. மலை குடையப்படவில்லை. நீதிமன்றப் படிகளில் ஆண்டுகள் கரைந்தன. தொடக்கத்திலேயே ஊர்ச்சாவடியில் உட்கார்ந்து, உழவனின் மொழியிலே, அவன் கேள்விக்கு முன்னுரிமை தந்து பேசியிருந்தால் முடிவு எப்படியும் அமைந்திருக்கலாம். இவ்வளவு கசப்பு விளைந்திராது.

இதற்கு மாறான முன்மாதிரி ஒன்றும் நம் நாட்டிலேயே உண்டு. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலே, உத்தரப்பிரதேசத்தின் மேற்குப் பகுதியில், போலியோ சொட்டு மருந்து மகப்பேற்றைத் தடுத்துவிடும் என்ற வதந்தியை நம்பிப் பல முஸ்லிம் பெற்றோர் தம் குழந்தைகளுக்கு அதனை மறுத்தனர். அவர்களை மூடர் என ஏசிப் பயன் விளையவில்லை. உலமாக்களையும் இமாம்களையும் அலிகர், ஜாமிஆ மில்லியா பல்கலைக்கழகத்தாரையும் துணைகொண்டு வீடுவீடாகச் சென்றனர். பெற்றோரின் அச்சத்தைச் செவிமடுத்தனர். குழந்தைக்கு வந்த மற்ற நோய்களுக்கும் பரிகாரம் தேடினர். மறுப்பு படிப்படியாகத் தேய்ந்தது. 2011 ஜனவரிக்குப் பின் இந்தியாவில் காட்டுப் போலியோ நோயாளி ஒருவரும் காணப்படவில்லை. 2014 மார்ச்சில், போலியோ அற்ற நாடெனச் சான்றும் கிடைத்தது. அதே மருந்துதான், அதே மக்கள்தான். மாறியது அணுகுமுறை ஒன்றே.

மக்களை இழிவாக எண்ணிய முதற் பெருமைக்காரன் இபுலீஸ் அன்றோ? அவன் அறியாதவன் அல்லன். வணக்கத்திலும் குறைந்தவன் அல்லன். மண்ணிலிருந்து படைக்கப்பட்டவரைத் தாழ்வாக எண்ணினான், வீழ்ந்தான். கற்றோர் நினைவில் வைக்கத்தக்க வரலாறு இது. ஒளியியலின் தந்தை எனப் போற்றப்படும் இப்னுல் ஹைதம் அவர்கள், உண்மையைத் தேடுவோன் முன்னோரின் நூல்களை ஐயத்தோடு சோதிக்கவேண்டும் என்றதோடு நில்லாமல், தன்னையும் ஐயுறவேண்டும் என்று சேர்த்துச் சொன்னார்கள். தன்னை ஐயுறுபவன் பிறர் கேள்விக்குச் சினக்கமாட்டான்.

ஏழை நாட்டுக்கு இது தகுமா?

ஒரு மறுப்பு எஞ்சியிருக்கிறது. மருத்துவமனையில் கட்டிலின்றித் தரையில் நோயாளி கிடக்கும் நாட்டிலே, துகளைத் தேட 1,500 கோடியா என்பது அது. இது பெருமையிலிருந்து பிறந்த கேள்வியன்று, இரக்கத்திலிருந்து பிறந்தது. ஆகவே மதிப்போடு விடை கூறப்படவேண்டும்.

பொதுப்பணத்தில் எதற்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பது கடமை. அதை யாரும் தடுக்கலாகாது. ஆனால், பசி தீர்ந்த பின்னரே அறிவு என்று ஒரு சமுதாயம் விதி செய்துகொண்டால், அது என்றென்றும் பிறர் அறிவை விலைகொடுத்து வாங்கும் சமுதாயமாகவே இருக்கும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மருத்துவத்தையும் கணிதத்தையும் ஃபர்ளு கிஃபாயா எனும் சமுதாயக் கடமைகளில் சேர்த்தார்கள். ஊரிலே ஒருவரேனும் அதனைக் கற்காவிடில், ஊரார் அனைவருமே குற்றவாளிகள். பல ஊர்களில் முஸ்லிம் மருத்துவரே இல்லாதிருக்க, எல்லோரும் ஃபிக்ஹு வாதங்களிலேயே மூழ்கியிருக்கிறார்களே என்று தம் காலத்தார்மீது அவர்கள் வருந்தியதும் உண்டு. ஒன்பது நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வருத்தம் பழையதாகவில்லை. ஏழைக்குக் கட்டில் வேண்டும். ஏழையின் மகனுக்கு நுண்ணோக்கியும் வேண்டும். இரண்டில் ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர் அவனுக்கு நன்மை செய்பவர் ஆகார்.

மலையைக் குடையலாமா கூடாதா என்று தீர்ப்புரைப்பது இக்கட்டுரையின் வேலையன்று. அது பாறையையும் நீரோட்டத்தையும் காட்டையும் அளந்து சொல்லவேண்டிய முடிவு. அம்மண்ணில் வாழ்வோரையும் கேட்டுச் சொல்லவேண்டிய முடிவு. அதனை எந்த மனநிலையோடு பேசுவது என்பதே நம்முன் உள்ள மார்க்கப் பிரச்சினை.

நம் பங்கு

எங்கள் உத்தமபாளையத்திலே 1956-இல் ஹாஜி கருத்த இராவுத்தர் ஹவுதியா கல்லூரி எழுந்தது. உழவும் வணிகமும் செய்து பொருளீட்டிய சமுதாயம், கல்விக்குப் பொருளை வழங்கலாம் என்பதற்கு அது கண்கண்ட சான்று. சாதி சமய வேறுபாடின்றி இப்பள்ளத்தாக்கின் பிள்ளைகள் அங்கே பயின்றிருக்கிறார்கள். கட்டடம் எழுப்பிய தலைமுறைக்கு நாம் காட்டும் நன்றி, அதனுள்ளே கேள்வி கேட்கும் பிள்ளைகளை அனுப்புவதுதான்.

வீட்டிலே பிள்ளை ஒரு பூச்சியைப் பிடித்து வைத்துக்கொண்டு இதன் வயிற்றில் என்ன இருக்கிறது என்று கேட்டால், 'சோற்றுக்கு உதவாத வேலை' என்று அதட்டாதீர்கள். அதே பிள்ளை நாளை பெரும் பட்டத்தோடு ஊர் திரும்பி, எழுத்தறியாத பாட்டியின் கேள்வியைக் கேட்டு இகழ்ச்சியாய்ச் சிரித்தால், அன்று அதட்டத் தயங்காதீர்கள். முதலாவதை அதட்டாதது உண்மைக்கு நாம் செய்யும் மரியாதை. இரண்டாவதை அதட்டுவது மக்களுக்குச் செய்யும் மரியாதை.

பெரியாற்று அணைக்கருகே அடங்கிக் கிடக்கும் பெயர் தெரியாத அந்த மனிதர்கள், இரண்டு ஆண்டுகளுக்குப் பின் வரவிருந்த ஓர் உண்மைக்காகக் காத்திருக்க இயலாமல் மாண்டவர்கள். அவர்கள் உடல் தேய்ந்து எழுந்த அணையின் நீரையே இன்று நாம் குடிக்கிறோம், ஒளூச் செய்கிறோம். உண்மையைத் தேடுவோரை நகைக்காதிருப்பதும், தேடலின் சுமையைத் தாங்குவோரை மறக்காதிருப்பதும் அவர்களுக்கு நாம் பட்ட கடன்.

பயன் தராத கல்வியை விட்டும், அக்கல்வியை விளைவிக்கும் இருவகைப் பெருமையை விட்டும் எல்லாம் வல்ல இறைவன் நம் அனைவரையும் காத்தருள்வானாக! ஆமீன்.